சிடி ரைட்டரைத் திருப்பி அனுப்புவது குறித்து மாமாவுக்கு

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். அங்கே அத்தையின் முழங்கால் வலியும் உங்கள் ரத்த அழுத்தமும் ஒன்றையொன்று பார்த்துப் பொறாமைப்படாமல் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் அன்போடு இரவல் கொடுத்த சிடி ரைட்டரை இத்துடன் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். இந்த ஜென்மத்தில் இனி அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காரணத்தைப் போனில் சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள் என்பதால்தான் கடிதம்.

பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்தில் புத்தகம் வாசித்துப் பதிவு செய்யும் வேலைக்கு நான் விண்ணப்பித்தது உங்களுக்குத் தெரியும். ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்கிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும், அது எனக்காகவே உண்டாக்கியது என்று தோன்றியது. குரல் மாதிரியைச் சிடியில்தான் தர வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றார்கள். என் லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. அதனால்தான் உங்கள் ரைட்டர். வீட்டின் முதல் பட்டதாரி என்பதால் மிக்சி ரிப்பேரிலிருந்து வாடகை ஒப்பந்தம் வரை எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அப்பா நம்புகிறார். நான் படித்தது வரலாறு.

உங்கள் ரைட்டரின் வயருக்கு இரண்டு தலை. ஒன்றைச் சொருகினால் போதும் என்று நினைத்தேன். அது ஒரு சுற்று சுற்றி, பசியில் முனகுவதுபோல் முனகிப் படுத்துவிட்டது. இரண்டாவதையும் சொருகலாமென்றால் லேப்டாப்பில் அந்தத் துளை தொளதொளவென்று ஆடுகிறது. அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ பாட்டுக்கு வேலையைப் பாரும்மா, வயரை நான் ஆடாம புடிச்சுக்கிறேன்." பஸ் ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை, அசையவே இல்லை. ஆனால் தும்மல் வந்துவிட்டது மாமா, முதல் சிடி போச்சு. இரண்டாவது பாதி ஏறும்போது, எதையாவது தொட்டால் கெட்டுவிடுமோ என்று நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யாரும் தொடவில்லையே என்று லேப்டாப் தூங்கிவிட்டது. மூன்றாவது முடியப்போகிற நேரத்தில் அம்மா இஸ்திரிப் பெட்டியைப் போட, ஃப்யூஸ் போய், பேட்டரி செத்த என் லேப்டாப்பும் கூடவே போய்ச் சேர்ந்தது. "இந்தச் சனியன் சுத்தறதுக்காக நான் கசங்குன புடவையோட வேலைக்குப் போகணுமா?" என்று கத்தினாள். "என் வேலைம்மா இது," என்றேன். அம்மா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கசங்கிய புடவையோடே போய்விட்டாள். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

நான்காவது சிடி வெற்றி. ரைட்டரைக் கழற்றாமல் அதே லேப்டாப்பில் ஓட்டிக் கேட்டோம். கணீரென்று இருந்தது. "நம்ம பொண்ணா இது? கேஸ் சிலிண்டர்காரர் வந்தாலே உள்ள ஓடி ஒளியறவளா?" என்று அப்பா இரண்டு தரம் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை நூலகத்துக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் அக்கா சிடியைப் போட்டார். சத்தமே இல்லை. "பதிவு எதுவும் இதுல இல்லைம்மா, ஷார்ட்கட்டை ஏத்திக் கொண்டாந்திருக்கீங்க. வீட்டைக் கேட்டா விலாசத்தை எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க! எதுல ஏத்தினீங்க?" "எங்க மாமா ரைட்டர்லக்கா." நிஜப் பதிவு லேப்டாப்பிலேயே இருந்ததால்தான் வீட்டில் ஓடியிருக்கிறது. என்னை மாதிரியே மாமா அந்தச் சிடியும், வீட்டில் வாய் ஓயாது, வெளியில் பேச்சு வராது.

மற்ற நாளாக இருந்தால் "சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் அழுதிருப்பேன். அன்றைக்கு அந்தக் கசங்கிய புடவை கண்முன் வந்தது. "இங்கேயே வாசிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டது நான்தான். அங்கே வந்து நின்ற நூலகத் தலைவர் பார்வையில்லாதவர். "தாராளமா," என்றார். அலுவலகமே கூடிவிட்டது, என் குரல் ஓடிவிட்டது. அவர் காதைச் சாய்த்தார். "எல்லாரும் சுவத்தைப் பாத்துத் திரும்புங்கப்பா. பொண்ணு மூச்சு விடறது ரெண்டு தெருவுக்குக் கேக்குது." திரும்பினார்கள். மேசையில் கிடைத்தது கோழி வளர்ப்புப் புத்தகம். கோழிக்கு வரும் கழிச்சலைப் பற்றி இரண்டு பக்கம், உணர்ச்சி பொங்க வாசித்தேன். முடித்தபோது யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "போதும்மா, தகவல் சொல்றோம்," என்றார் தலைவர்.

ஆகவே மாமா, கருவி இல்லாமலும் குரல் போய்ச் சேரும் என்று கண்டுகொண்டேன். உங்கள் ரைட்டர் உங்களோடு நீடூழி வாழட்டும். அத்தைக்கு என் நமஸ்காரம், குட்டிகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

உங்கள் ஆசியை வேண்டும்,
அக்கா மகள்

பி.கு.: பார்சலை ஒட்டி முடித்த பிறகு தலைவர் போன் செய்தார். வேலை எனக்குத்தான். "பழைய டேப்புல கிடக்கற புத்தகமெல்லாம் சிடிக்கு மாத்தணும்மா. எங்க ரைட்டர் படுத்துருச்சு. வந்தவங்கள்ல ரைட்டர் இருக்கற ஆள் நீங்க ஒருத்தர்தான். திங்கக்கிழமை அதோட வந்துடுங்க." "அப்ப என் குரல், சார்?" "அதுக்கென்ன, நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறமா பாக்கலாம்." எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "தினம் ஒரு மணி நேரமாவது என்னை வாசிக்க விடணும் சார். இல்லேன்னா ரைட்டர் வராது," என்றேன்.  அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. சரி என்றார். பார்சலைப் பிரித்துவிட்டேன் மாமா, இந்தக் கடிதம் மட்டும்தான் வரும். ரைட்டரைக் கேட்டுப் பகலில் போன் செய்யாதீர்கள், வாசித்துக்கொண்டிருப்பேன்.