எறக்கத்தாரின் பச்சை சைக்கிள்

எல்லோரும் வாழ்க்கையில் மேலே போகத்தான் ஆசைப்படுவார்கள். கீழே போவதற்கென்றே பிறந்து, அதிலேயே பேரின்பம் கண்ட ஒரே ஒரு மனிதரை எனக்குத் தெரியும். ஜவ்வாது மலையில் அவருக்கு எறக்கத்தார் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் அந்த மலையிலிருந்த புதூர்நாட்டில் ஒரு கூட்டுறவுக் கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். புளியும் சாமையும் எடை போட்டு வாங்குவது என் வேலை. எறக்கத்தாருக்கு மலேரியா இலாகாவில் வேலை. ஊர் ஊராகப் போய், காய்ச்சல்காரர்களின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு வருவார். மலையில் ஊர் என்றால் மேட்டுக்கு இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு. அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் சுருண்டு படுத்திருக்கும் ஆள்கூட எழுந்து காட்டுக்குள் ஓடிவிடுவார். "பாத்தியா சாரு, மருந்தே குடுக்கல, எழுந்து ஓடுறான்" என்று அதையும் தன் சாதனையில் சேர்த்துக்கொள்வார்.

மலைப்பாதையில் சைக்கிள் பாதி வழி சொர்க்கம், பாதி வழி தண்டனை. இறங்கும்போது அது நம்மைச் சுமக்கும். ஏறும்போது நாம் அதைச் சுமக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சைக்கிளே வேண்டாம் என்று நடந்துவிடுவார்கள். எறக்கத்தார் வேறு மாதிரி யோசித்தார்.

"ஒவ்வொரு மேட்டு உச்சிலயும் ஒரு சைக்கிள் நின்னா எப்பிடி இருக்கும் சாரு? ஏறும்போது கைய வீசிக்கினு நடக்கலாம். உச்சிக்குப் போனா வண்டி ரெடி. ஏறிக் குந்திக்கினா கீழ வர்ற வரைக்கும் மிதிக்கவே வாணாம். ஆயுசு பூரா எறக்கம்தான்!"

"சரிண்ணா. எறங்கின வண்டி கீழதானே நிக்கும்? அது மறுபடி எப்படி மேல போகும்?" என்று கேட்டேன்.

"அது வண்டியோட பிரச்சினை" என்றார்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒவ்வொரு மேடாகப் பழைய சைக்கிள் வாங்கிப் போட ஆரம்பித்தார். நம்ப மாட்டீர்கள், வண்டியின் பிரச்சினை தானாகவே தீர்ந்தது. மலைக் குடியானவர்கள் சும்மா மேடு ஏறுவதில்லை. உப்பு, கருப்பட்டி, சாமை என்று தலையில் ஏதாவது மூட்டை இருக்கும். கீழே அநாதையாக ஒரு சைக்கிள் நிற்பதைப் பார்த்ததும் மூட்டையை அதில் கட்டி மேலே தள்ளிக்கொண்டு போனார்கள். உச்சியில் மூட்டையை அவிழ்த்துக்கொண்டு, வண்டி உருண்டு போகாமல் முன் சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. யாரும் திருடவில்லை. அவர்களைப் பொறுத்தவரை சைக்கிள் என்பது தள்ளுகிற வண்டி. அதன் மேல் ஒரு ஆள் ஏறி உட்காருவது எறக்கத்தாருக்கு மட்டும் இருந்த கிறுக்கு.

இதன் உச்சகட்டம் வெள்ளையன் செய்த காரியம். அவர் பெரிய பலா விவசாயி. ஒரு நாள் எறக்கத்தார் மேட்டு உச்சிக்குப் போனால், சைக்கிளில் பெடலும் இல்லை, சீட்டும் இல்லை. பக்கத்தில் வெள்ளையன் பெருமையாக நிற்கிறார்.

"இன்னா வெள்ளையா இது?"

"பெடலு முட்டில இடிக்குதுங்க. சீட்டு இருந்தா பலாப்பழம் நிக்க மாட்டேங்குது. ரெண்டையும் கழட்டிட்டேன். இப்ப வண்டி ஜோரா கீது."

எறக்கத்தார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எறக்கத்துல யாரு மிதிக்கிறா? பெடல நீயே வெச்சுக்க. சீட்ட மட்டும் குடு" என்றார். அதற்கப்புறம் அந்த வண்டியில் அவர் இரண்டு கால்களையும் அகல விரித்துக்கொண்டு பனிக்குள்ளிருந்து மிதந்து வரும் காட்சி இருக்கிறதே, கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கும்.

கும்பிடாத ஒரே ஆள் அவர் மனைவி சரோஜா. படவேட்டில் வயல் நடுவே சமதரையில் வளர்ந்த பெண். மலைக்கு வாழ வந்தவளின் வீட்டில் எந்நேரமும் ஏதாவது ஒரு சைக்கிள் மல்லாந்து கிடக்கும். சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் செயின் ஊறும். ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"இன்னொரு சைக்கிள் வாங்கினீங்கன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டே இருப்பேன். திரும்பி வர மாட்டேன்."

கத்தியிருந்தால் எறக்கத்தார் பயந்திருக்க மாட்டார். அவள் நிதானமாகச் சொன்னதால்தான் பயந்தார். மனைவி இல்லாமல் அவருக்கு ஒரு வேளைகூட ஓடாது. கற்பூரம் கொளுத்தி அணைத்துச் சத்தியம் செய்தார். ஆனால் மலையிலேயே பெரிய இறக்கமான ஆலங்காயத்து இறக்கத்துக்கு அதுவரை சைக்கிள் கிடையாது. அந்த உச்சியிலிருந்த பலா மரத்தடியில் நின்று கீழே பார்த்துப் பெருமூச்சு விடுவார். பசித்தவன் பந்தியைப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

கடைக்கு உப்பு எடுக்க நான் அடிவாரத்து ஆலங்காயம் போன ஒரு நாள் அவரும் கூட வந்தார். சைக்கிள் கடை வாசலில் ஒரு பச்சை வண்டி. சுற்றிய காகிதத்தைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"வாங்கல சாரு. சும்மா பாக்குறேன். கண்ணால பாக்குறதுக்கா கற்பூரம் அடிச்சேன்?"

பார்த்தார். டீ குடிக்கப் போனோம். டீயை ஆற்றாமல் குடித்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். பிறகு பின் சக்கரத்தைத் தூக்கி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றி விட்டார். சக்கரம் டிக் டிக் டிக்கென்று ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் மலைக்காற்று அடிப்பது எனக்கே தெரிந்தது.

"இது நின்னதும் போய்டலாம் சாரு."

சக்கரம் நிற்கப் போகிற நேரத்தில் இன்னொரு சுற்று விட்டார். வெயில் சாய்ந்தது. கடைக்காரர் விளக்கேற்றினார். சக்கரம் மட்டும் நிற்கவே இல்லை. கடைசியில் அவர்தான் நின்றுபோனார். வாங்கிவிட்டார்.

அன்றைக்குத்தான் எறக்கத்தார் ஒரு மேடு முழுக்கச் சைக்கிள் தள்ளியதைப் பார்த்தேன். பலா மரத்தடியில் நிறுத்தி, கோணி போட்டு மூடி, கல் கொடுத்தார். "சரோசாவுக்கு எப்பிடித் தெரியப்போவுது?" என்றார். மறுநாள் காலையில் வெள்ளையன் அவர் வீட்டு வாசலில் நின்று, "அக்கா, அந்தப் பச்ச வண்டில நான் மூட்டை கட்டிக்கட்டுங்களா?" என்று மரியாதையாக அனுமதி கேட்டுவிட்டார்.

அடுத்த அரை மணியில் சரோஜா தகரப் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். நல்ல பனி. அவள் முன்னால், எறக்கத்தார் பின்னால், ஆலங்காயத்துக்குப் போக வேண்டிய நான் இன்னும் பின்னால். பலா மரத்தடிக்கு வந்தோம். கீழே பஸ் நிற்கும் இடம் வரை போகும் ஜீப் அன்று வரவில்லை. பச்சை சைக்கிள் மட்டும் பனியில் நனைந்து நின்றது. எறக்கத்தார் கெஞ்சவில்லை. கோணியை உருவிப் போட்டு, கேரியரைத் துண்டால் துடைத்தார்.

"நடந்தா பஸ்ஸ வுட்டுடுவ சரோசா. குந்து. நானே கொண்டாந்து வுட்டுடறேன்."

அவள் சைக்கிளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தாள். அவர் கல்லை உதைத்துத் தள்ளினார்.

இருவரும் பனிக்குள் கரைந்து போனார்கள். டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. முதல் வளைவில், "ஐயய்யோ!" என்று சரோஜாவின் குரல். இரண்டாவது வளைவில் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டியது தெளிவாகக் கேட்டது. மூன்றாவது வளைவில் சத்தமே இல்லை. போச்சு, பள்ளத்தில் விழுந்துவிட்டார்கள் என்று குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடினேன்.

கீழே புளிய மரத்தடியில் பஸ் நின்றது. சரோஜா தலை கலைந்து, கண்ணில் காற்றடித்த நீரோடு, எங்கோ பார்த்தபடி நின்றாள். எறக்கத்தார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

"குடுங்க பொட்டிய" என்றாள். வாங்கி, கேரியரில் வைத்து முடிச்சுப் போட்டாள். "இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? தள்ளுங்க."

"எங்க?"

"மேலதான். இன்னொரு வாட்டி எறங்கணும்."

"பஸ்ஸு?"

"அது நாளைக்கும் வரும்."

அவர் ஹேண்டில்பாரைப் பிடித்தார். அவள் கேரியரைத் தள்ளினாள். இருவரும் மெதுவாக மேகத்துக்குள் ஏறிப் போனார்கள். நான் பஸ்ஸில் ஏறாமல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் சரோஜா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: "இனிமே வாங்கினா கேரியர் அகலமா பாத்து வாங்குங்க."

எனக்கு மாற்றல் வந்த அன்று, எறக்கத்தார் பச்சை சைக்கிளை என் கையில் கொடுத்தார். அத்தனை வருஷம் பயந்து நடந்தே இறங்கியவன் நான். "குந்து சாரு, ஒரு தபா. கீழ வுட்டுட்டுப் போ. யாராச்சும் மேல கொண்டாந்துருவாங்க."

உட்கார்ந்தேன். அந்த இறக்கத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் சைக்கிள் வாங்கிவிடுவீர்கள்.

புளிய மரத்தடியில் இறங்கியபோது பஸ் தயாராக நின்றது. சுற்றிலும் பார்த்தேன். மூட்டையோடு ஒருவரையும் காணோம். பஸ் போனது. ஹேண்டில்பாரைப் பிடித்து, அந்த மேடு முழுக்க நானே தள்ளிக்கொண்டு ஏறினேன். பலா மரத்தடியில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குப் பார்த்துப் பார்த்து ஒரு கல் கொடுத்தேன்.

நாளைக்குக் காலையில் அவர்கள் இரண்டு பேரும் இறங்க வேண்டும் அல்லவா?