கிளிப்பண்ணனுக்கு சால்வை போட்ட ஞாயிறு

ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து பால் வாங்கினேன். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். வயலின் வில்லுக்கு ரோசின் தேய்த்தேன். மாலையில் வேங்கிக்கால் ஹாலில் எங்கள் ஊர் இசைக்குழுவின் ஆண்டுக் கச்சேரி. அதன் முடிவில் கிளிப்பண்ணனைக் கௌரவிப்பதாகத் தீர்மானித்திருந்தோம்.

திருவண்ணாமலையில் காற்றை நேரடியாகப் பகைத்துக்கொண்ட மனிதர் கிளிப்பண்ணன் ஒருவர்தான்.

கோயில் பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். ஒருமுறை எங்கள் தபேலாக்காரர், ஸ்வரம் எழுதிய தாள்கள் பறக்காமலிருக்கத் துணிக் கிளிப் வாங்கப் போனார்.

"இவ்ளோ கிளிப்பா? எத்தினி புடவை சார் காயப்போடப் போறீங்க?"

"புடவை இல்லண்ணே. பாட்டு."

அது என்னவென்று பார்க்க எங்கள் ஞாயிறு ஒத்திகைக்கு வந்தவர், பிறகு ஒரு ஞாயிறும் வராமல் இருந்ததில்லை. வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. நாற்காலி போடுவார், ஸ்டாண்டு நிறுத்துவார், தாளுக்குத் தாள் கிளிப் மாட்டுவார்; பெயர் வந்தது அப்படித்தான். கிளிப்பின் மீதும் நம்பிக்கை போதாமல் ஃபேன்களை அணைத்துவிடுவார். சித்திரை மாதத்தில் புல்லாங்குழல்காரர் மயங்கி விழும் நிலைக்கு வந்து கெஞ்சினார்.

"காத்து வேணும்னா மலைப் பக்கம் போங்க. பாட்டு வேணும்னா இங்க உக்காருங்க."

புல்லாங்குழலுக்கே காற்று வேண்டும் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஒரு பௌர்ணமி ஞாயிறன்று கிரிவலக் கூட்டத்தில் பஸ், ஆட்டோ எதுவும் ஊருக்குள் வரவில்லை. ஸ்டாண்டுகளை ஒரு கட்டாகக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். ஏதோ கடுமையான வேண்டுதல் என்று நினைத்துக் கூட்டம் வழிவிட்டது. ஓர் அம்மாள் அவர் நெற்றியில் விபூதி பூசி, காலில் விழுந்தாள். "இல்லம்மா, இது டியூட்டி" என்றாராம். அதற்கு அவள் இன்னொரு முறை விழுந்தாள்.

ஹாலை எங்களுக்கு இலவசமாகக் கொடுத்தவர் ஒரு ரைஸ் மில் முதலாளி. சென்ற ஆண்டுக் கச்சேரியில் அவர்தான் சிறப்பு விருந்தினர். தாமதமாக வந்தார். வாசலில் கிளிப்பண்ணன் கையை நீட்டி மறித்தார்.

"பாட்டு முடியட்டும் சார்."

"யோவ், ஹாலே என்னுதுய்யா."

"ஹால் உங்களுதுதான் சார். பாட்டு உங்களுது இல்லியே."

முதலாளி செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று முழுப் பாட்டையும் கேட்டார். முழுதாகக் கேட்டது அந்த ஒன்றைத்தான் என்று பின்னர் அவரே சொன்னார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மரியாதை செய்யவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் தடுமாற்றம். தலைவர் ஓய்வுபெற்ற தாசில்தார். மற்றவர்களிலும் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள். நாங்கள் பார்த்த பாராட்டு விழாக்கள் எல்லாமே பணி ஓய்வு விழாக்கள். ஆகவே அன்று மாலை முறைப்படி சால்வை, ரோஜா மாலை, சுவர்க் கடிகாரம். தலைவர் குரல் தழுதழுக்க, "அண்ணன் இனியாவது குடும்பத்தோடு நிம்மதியாக ஓய்வெடுக்க வேண்டும்" என்று முடித்தார். பழக்கதோஷம். எல்லோரும் கைதட்டினோம்.

அலுவலக வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ஓய்வுபெறுபவரை மாலையோடு காரில் ஏற்றி, வீடுவரை கொண்டுபோய் விடவேண்டும். அதையும் விடவில்லை.

"வெளிய என் வண்டி நிக்குதே சார்."

"அதெல்லாம் அப்புறம்ணே. இன்னிக்கு நீங்க கார்லதான் போகணும்."

வழியெல்லாம் அவர் மடியில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பரிசு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். வீட்டு வாசலில் அவர் மனைவி திடுக்கிட்டார்.

"இன்னாங்க இது, மாலையும் கழுத்துமா?"

"ரிட்டையர் பண்ணிட்டாங்க."

"சம்பளமே இல்லாத வேலைலருந்தா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஹால் சாவியை எடுத்துத் தலைவர் கையில் வைத்தார்.

"அடுத்து வர்றவருகிட்ட சொல்லிடுங்க சார். மூணாவது ஃபேன் சுவிட்சு ஷாக் அடிக்கும். குச்சியால அமுக்கணும்."

தலைவர் "சேச்சே, அப்படியில்லண்ணே" என்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு நாற்காலியை யார் போடுவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தலைவர் சாவியை என்னிடம் தள்ளினார். பணியில் இருந்தபோதும் சிக்கலான ஃபைல்களை அப்படித்தான் பக்கத்து மேசைக்குத் தள்ளுவார் என்று கேள்வி.

மறுநாள் திங்கள். காலையில் முதல் வேலையாக வேங்கிக்கால் போனேன். அவருடைய மொபெட் ஹால் வாசலில் சாவியோடு நின்றிருந்தது. அதைத் திருட யாருக்கும் மனம் வந்ததில்லை. தள்ளிக்கொண்டே டவுன் வரை வந்து அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். வண்டிச் சாவியோடு ஹால் சாவியையும் கோத்து நீட்டினேன்.

"ரிட்டையர்மென்ட் இல்லண்ணே. எங்களுக்கு வேற மாதிரி மரியாதை பண்ணத் தெரியாது. அவ்ளோதான்."

அவர் சாவிகளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஓட்டிட்டு வர்றதுதான?"

"ஓட்டத் தெரியாதுண்ணே."

சாவிகளை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வண்டி தள்ளியதால் இரைக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.