அத்தாட்சியார் எடுத்த லீவு

கொழும்பு முழுவதிலும் அத்தாட்சி இல்லாமல் தும்மலைக்கூட நம்பாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில், கொட்டாஞ்சேனையில் எங்கள் தேயிலைக் கம்பனிக்குத் தலைமைக் கிளாக்கர். பெற்றோர் வைத்த பெயர் யாருக்குத் தெரியும்? எங்களுக்கு அவர் அத்தாட்சியார்.

பல்வலி என்று லீவு கேட்டால் முறுக்கை நீட்டுவார். "கடியும் பாப்பம்!" கத்தினால்தான் லீவு. ஆள் எடுக்கும்போது எங்கள் வெள்ளைக்காரத் துரை சிபாரிசுக் கடிதத்தைப் பார்ப்பார். இவரோ தட்டெழுத்துக்கு வந்தவரைச் சந்தைப் பக்கத்து ஜன்னலடியில் இருத்தி, "உந்தச் சத்தத்திலை அடியும் பாப்பம்" என்பார். சும்மா சொல்லக்கூடாது, அவர் எடுத்த ஆள் ஒருவரும் சோடை போகவில்லை.

அவருக்கு வெள்ளவத்தையில் ஒற்றை வாடகை அறை. குடும்பம் இல்லை. பேச்சுத் துணை நாங்கள்தான், அதுவும் லீவு கேட்கப் போனால் மட்டும்.

வியாபாரம் படுத்த வருஷம், கிளாக்கர்களில் ஒருவரைக் குறைக்கச் சொன்ன துரை, விரலை என் பக்கம் நீட்டினார். நான் கொட்டாவி விடுகிறேனாம்! கலியாணமான புதிது. அன்றிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டே கணக்கு எழுதினேன்.

"கொட்டாவி ஒரு அத்தாட்சியோ?" என்று எங்களிடம் வெடித்த அத்தாட்சியார், துரையிடம் தவணை வாங்கினார். "ஒவ்வொருத்தராய் ஒரு கிழமை வீட்டிலை நில்லுங்கோ. ஆர் இல்லாட்டி வேலை குழம்புதெண்டு பாப்பம்."

நான் வீட்டில் நின்ற அந்த ஏழு நாளில், லண்டன் போகவேண்டிய தேயிலைப் பெட்டிகள் ரங்கூனுக்குக் கிளம்பப் பார்த்தன. தப்பினேன்! மற்றவர்களும் அப்படியே. கடைசியாகத் தானும் லீவு எடுத்தார். அடடா, அந்தக் கிழமை! ஒரே பகிடி, சிரிப்பு. ஆனாலும் ஒரு வேலையும் தேங்கவில்லை.

திரும்பி வந்ததும் விசாரித்தார். மேலாள் கேட்டால் கிளாக்கர்மார் வேறென்ன சொல்வார்கள்? "ஒரு குறையும் இல்லை ஐயா" என்றோம் பெருமையாக.

துரையின் அறைக்குப் போய் வந்தார். "ஆள் கிடைச்சிட்டுது பிள்ளையள். நான்தான்" என்று குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மாதம் ஒன்று போவதற்குள் எங்கள் கம்பனிக் கந்தோர் குட்டிச்சுவர். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெள்ளவத்தைக்கு ஓடினேன்.

"ஐயா, திங்கக்கிழமை நீங்கள் வந்து ஏசுவியள் எண்ட பயத்திலைதான் அந்தக் கிழமை ஒழுங்காய் வேலை செய்தனாங்கள். நீங்கள் இல்லாமல் ஏலாது ஐயா."

எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தார். "என்ரை கதிரைக்குத் துரை உங்களிலை ஒருத்தரைப் போட்டிட்டார் எல்லே? சரி, இரும் தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

அந்த அறையில் ஒரே ஒரு கோப்பைதான் இருந்தது. அதை என்னிடம் தந்துவிட்டு எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் ஆயுளில் அவ்வளவு மெதுவாக நான் தேத்தண்ணீர் குடித்ததில்லை.