சரஸ்வதி பூசையில் வைத்த கேம்

அன்புள்ள மருமகன் வாகீசனுக்கு,

கொக்குவிலிலிருந்து கதிரவேலு மாமா எழுதிக்கொள்வது. நானும் மாமியும் சுகம். இதை வாசித்து முடித்த பிறகும் நீ சுகமாயிருக்கக் கீரிமலைச் சிவனை வேண்டுகிறேன். வட்ஸ்அப்பில் எடுத்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டிவரும், அதனால்தான் கடிதம்.

போன முறை கனடாவிலிருந்து வந்தபோது உறை பிரிக்காத ஒரு வீடியோ கேமை என் கையில் தந்து, "மாமா, உயிர் போனாலும் இதைப் பிரிக்கப்படாது. பருத்தித்துறைக் கிறிஸ்ரோபர் அண்ணை வந்து, தன்ரை கேமைத் தந்திட்டு இதைக் கொண்டுபோவார்" என்றாய். கையில் வைத்து விளையாடும் ஒரு பழைய கருவியின் கடைசிக் காலத்தில் வந்த கேம், எல்லோரும் புதுக் கருவிக்கு மாறிவிட்டதால் கொஞ்சமாய்த்தான் செய்தார்கள், இப்போது சேகரிப்பவர்கள் உலகமெல்லாம் தேடுகிறார்கள், உறை பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்றும் விளக்கினாய். அன்றைக்கு ஒருவரும் வாங்காததற்கு இன்றைக்கு ஏன் இந்த அடிபிடி என்று கேட்க நினைத்தேன். அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். திறப்பை மாமியிடம் கொடுத்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

நவராத்திரி வந்தது. புத்தகங்களோடு உன் கேமையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்தாள் மாமி. அதோடு விட்டிருக்கலாம். "மூடிக் கிடக்கிறதைப் படைக்கலாமோ? வாழைப்பழமெண்டாலும் நுனி கிள்ளித்தானே வைக்கிறம்" என்று சொல்லிக்கொண்டே பாக்குவெட்டியால் உறையைக் கீறிவிட்டாள். நான் தேவாரம் பாடிக்கொண்டிருந்தேன். ஐயோ என்று நான் போட்ட சத்தத்தைப் பக்திப் பரவசம் என்று நினைத்து மணியைப் பலமாய் அடித்தாள். பிறகு பெட்டிக்குச் சந்தனப் பொட்டும் வைத்தாள்.

விஜயதசமியன்று, "பூசையிலை வைச்சதை இண்டைக்குத் தொட்டுத் தொடங்கவேணும்" என்று, நீ பள்ளிக்காலத்தில் விட்டுப்போன கைக்கருவியில் அதைப் போட்டு விளையாடத் தொடங்கினாள். இங்கிலிஷ் படிப்பித்தவள் அல்லவா, வருகிற எழுத்தெல்லாம் வாசிக்கிறாள். அதில் ஒரு பெடியன் வாளோடு ஊரூராய்ப் போகிறான். கண்டவர்கள் வீட்டுக்குள் கேளாமல் புகுந்து பெட்டகம் திறக்கிறான், ஒருவரும் ஏசுவதில்லை. "நல்ல சனம்" என்கிறாள் மாமி. அவன் ஓர் அரக்கனிடம் காயப்பட்டுக் கிடந்த அன்று வீட்டில் புட்டு அவியவில்லை, நான் கடைப் பாண் தின்றேன்.

நாளைக்குக் கிறிஸ்ரோபர் வருகிறார். எத்தனையோ வருடமாய் நீ தேடிய அவருடைய கேம் என்னால் உனக்குக் கிடைக்காமல் போகப்போகிறது. நம்பித் தந்தாயே ராசா, அதுதான் தாங்க முடியவில்லை. அவர் காலில் விழவும் நான் ஆயத்தம்.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு திரி. மாமியின் ஆசீர்வாதமும் உண்டு. அவளுக்குக் கை ஒழியாததால் அதையும் நானே எழுதுகிறேன்.

வெட்கத்தோடு,
மாமா கதிரவேலு

பி.கு.: தபாலில் போடமுதல் கிறிஸ்ரோபர் வந்துவிட்டார். பிரித்த பெட்டியைக் கண்டதும் செத்தவீட்டுக்கு வந்தவர்போல இருந்துவிட்டார். மாமி தேத்தண்ணி கொடுத்து, "தம்பி, உந்த அரக்கனை எப்பிடி வெல்லுறது?" என்று கேட்டாள். "தெரியாது அன்ரி. நான் வாங்கினதுகள் ஒண்டையும் பிரிச்சு விளையாடேல்லை" என்றார். ஒருக்கால் பார்ப்போம் என்று கையில் வாங்கினார். மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து இருவருமாய் அரக்கனை வென்றார்கள். ஆனால் கதை முடியவில்லை, பெடியன் கப்பலேறிவிட்டான். "பிறகு என்ன நடந்தது?" என்று மாமி கேட்க, அவர் மெதுவாய்த் தன் பையைத் திறந்தார். நீ தேடிய கேம் இதன் இரண்டாம் பாகமாம், இதே கருவியில் போடுகிறதாம். அந்த உறையை நானோ மாமியோ தொடவில்லை, அவரே பல்லால் கடித்துக் கிழித்தார். ஆகவே நீ கவலைப்படாதே, மாற்று நியாயமாய் நடந்துவிட்டது, இரண்டும் திறந்தாயிற்று. மூன்றாம் பாகம் உன்னிடம் உறையோடு இருப்பதாய்க் கிறிஸ்ரோபர் சொல்கிறார். அதையும் அனுப்பிவிடு, நாங்கள் பத்திரமாய்ப் பார்த்துக்கொள்வோம்.