ஆடு வளர்ப்புத் தட்டு

ஆடு வளர்ப்புப் புத்தகங்கள் இருந்த நூலகத் தட்டு வெறுமையாகக் கிடந்தது. ராஜலிங்கம் குனிந்து, வெறும் பலகையைக் கையால் தடவிப் பார்த்தார்.

அவருக்கும் ஆட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வரலாற்றுத் துறையில் தற்காலிக விரிவுரையாளர். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெளிநாட்டுப் புத்தகங்கள் வருவதே நின்றுபோயிருந்த எழுபதுகள் அவை. அவருடைய ஆய்வுக்கு வேண்டிய தோட்டத் தொழிலாளர் வரலாறு என்ற புத்தகம், பல்கலைக்கழக நூலகத்தில் ஒரேயொரு பிரதிதான். வெளியே தரமாட்டார்கள். சக விரிவுரையாளர் ஹாஷிமுக்கும் அதே புத்தகம்தான் வேண்டும். நிரந்தரப் பதவியோ ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள் நல்ல ஆய்வுக் கட்டுரை கொடுப்பவருக்கே அது. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா, மகனுக்கு வேலை நிச்சயம் என்று நம்பிக் கொழுந்து பறிப்பதையே விட்டிருந்தார். மனிதர் வேறென்ன செய்வார்? ஹாஷிம் கண்ணில் படாதபடி, ஒருவரும் எட்டிப் பார்க்காத ஆட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால் அதைச் செருகிவிட்டார்.

இப்போது அந்தப் புத்தகத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். நூலக உதவியாளர் டொரதியிடம் ஆட்டுப் புத்தகங்கள் எங்கே என்று மெல்லக் கேட்டார்.

"பைண்டிங்குக்குப் போயிருக்கு சேர். உங்களுக்கு எதுக்கு?"

"ஆடு வளர்க்கலாம்னு ஒரு யோசனை" என்று இழுத்தார்.

டொரதி தங்கமான மனுஷி. மறுநாளே அவளுடைய அண்ணன் வின்சன்ட், கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஓர் ஆட்டைக் கொண்டுவந்து ராஜலிங்கத்தின் வாடகை அறை வாசலில் கட்டிவிட்டுப் போனான். திருப்பியனுப்பினால் பொய் அம்பலமாகும். வைத்துக்கொண்டார். அது ஓயாமல் கத்தியது. வாயை அடைக்கப் பலா இலை போட்டார். ருசி கண்டு இன்னும் கத்தியது. வீட்டுக்காரி அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாள். சந்தேகம் வருமே என்று அவர் நூலகத்தின் வரலாற்றுப் பகுதியில் காலே வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை, புத்தகமும் இல்லாமல் அறையும் இல்லாமல், அரைகுறைக் கட்டுரையைக் கொடுத்தார். பதவி ஹாஷிமுக்குப் போயிற்று. அம்மா மறுபடியும் கூடையை எடுத்தார்.

அதற்குப் பிறகுதான் பைண்டிங் முடிந்து ஆட்டுப் புத்தகங்கள் வந்து சேர்ந்தன. தட்டு முழுவதும் துழாவினார். அவருடையது இல்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? டொரதியிடம் பெயரைச் சொல்லியே கேட்டார்.

"அதுவா சேர்? யாரோ கொண்டுபோய் ஆட்டுத் தட்டுல சொருகியிருந்தாங்க. அன்னைக்கே எடுத்து அதோட எடத்துல வச்சிட்டேன். ஹாஷிம் சேர் தெனமும் அங்கேயே உக்காந்துதானே வாசிச்சாரு."