கடைசி நாலு பக்கம் இல்லாத போர்

முதலில் கெடுதல் செய்தவன் மைத்துனன். இதை யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்லலாம். பூட்டுக்காரர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சாவி வெட்ட வந்தவர்கள் சாவியோடு இந்தக் கதையையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பூட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடம் சரிப்படவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே படக்கதைப் புத்தகங்களில்தான். அதில் ஒன்று அவருக்கு உயிர். 'இரும்புப் பருந்து' என்று ஒரு மாவீரன். பறப்பான். டாங்கியைத் தூக்கிப் பந்தாடுவான். அந்த இதழில் அவனைப் பனி கொட்டும் வேற்று நாட்டு எல்லைக்கு அனுப்புகிறார்கள். அங்கே போர். எதிர்ப்பக்கத்துத் தளபதியிடம் துப்பாக்கிகூடக் கிடையாது. மலையுச்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடுவான். அவ்வளவுதான். கீழே இருக்கிற சிப்பாய்களுக்கு வலது காதுக்குப் பின்னால் சுருக்கென்று குத்தும். மனசில் இருப்பதெல்லாம் அவன் கைக்குப் போய்விடும். ஒவ்வொருவனாகத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, தூக்கத்தில் நடப்பவன் மாதிரி மலையேறிப் போவான்.

கடைசியில் பருந்துக்கே குத்துகிறது. முட்டி போட்டுவிட்டான். அடுத்த பக்கத்தைப் புரட்டினால், பக்கமே இல்லை.

மைத்துனன் கிழித்துவிட்டான். தங்க வந்த இடத்தில், மோட்டார் சைக்கிள் சங்கிலியில் வழிந்த கிரீஸைத் துடைக்க, கடைசி நாலு பக்கம். கேட்டதற்கு, "பொம்மப் புக்குதானே மாமா" என்றான். மன்னிப்பு? மூச்!

பருந்து எப்படித் தப்பினான் என்று பூட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அவரும் தப்பியிருப்பார். அவர் வீட்டிலேயே ஒரு தளபதி இருந்தாள்.

"ஏங்க, தம்பி ஞாயித்துக்கிழமை வரான். நாலு நாள் தங்குவான்."

பூட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு துருப்பிடித்த பூட்டைக் கழற்றியபடி மனசுக்குள் திட்டம் போட்டார். பஸ் ஸ்டாப்பிலேயே மடக்க வேண்டும். அக்காவுக்குத் தொத்து வியாதி என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். அவன் வாயால் மன்னிப்பு வந்தால் மட்டும்தான் வீட்டு வாசல்.

எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குத் தொத்து வியாதியா? ரொம்ப நல்லாருக்கே!"

திருப்புளி கை நழுவி விழுந்தது.

"நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா!"

"நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

வலது காதுக்குப் பின்னால் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பற்றி நினைத்ததையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்தார். ஐயோ, இப்படி நினைப்பதே ஆபத்து என்று நிறுத்தினார். நிறுத்த வேண்டும் என்று நினைத்ததையும் நிறுத்தினார்.

மறுநாள் சமையலறையில் ஒரு குண்டானை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். மனைவி வந்தாள். நின்றாள்.

"என்னங்க வேஷம் இது? எடுங்க, பால் காய்ச்சணும்."

அலுமினியத்தைத் துளைத்துவிடுவாளோ, ஈயமாக இருந்தால் தேவலையோ என்று உள்ளுக்குள் ஓடியது.

"ஈயப் பாத்திரம் நம்ம வீட்டுல இல்லைங்க" என்றாள் அவள், பாலை எடுத்தபடி.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கண்ணை மூடினாலே அவர் கதவுக்குப் பின்னால் ஒளிந்தார். தும்மலுக்காகத்தான் மூடினாள். யார் கண்டது?

சனிக்கிழமை காலை முகச்சவரம் செய்யும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கண்ணாடியில் சோப்பு நுரைக்கு நடுவே இரண்டு உதடுகள் நடந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை. நினைப்பு ஓட ஓட உதடும் கூடவே ஓடியது. எழுத்துக் கூட்டிப் படித்த பழக்கம். படிப்பதும் உதட்டால், நினைப்பதும் உதட்டால்!

மனைவியோ பாதி ஆயுளை விசைத்தறிக் கூடத்தில் கழித்தவள். அங்கே ஓடுகிற தறிச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. தறிக்காரிகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வாயசைத்தே ஊர்வம்பு முழுக்கப் பேசி முடிப்பார்கள்.

"அடிப்பாவி!" என்றது கண்ணாடியில் இருந்த உதடு. சட்டென்று கையால் பொத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தாடையிலிருந்து உச்சந்தலை வரை வாயையும் சேர்த்துத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கன்னத்தைப் பிடித்துச் சைகை செய்தார். மனைவி கிட்ட வந்து துண்டின் முடிச்சைச் சரிசெய்தாள்.

"ஐயோ பாவம், பல்வலியா? டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. அவசரப்படாம மெதுவா வாங்க."

பஸ் ஸ்டாப்பில் துண்டுக்குள் இஷ்டத்துக்கு நினைத்தார். மைத்துனனை நினைத்தார், கிரீஸை நினைத்தார், அவன் கையைப் பிசைந்து தலை குனிவதை நினைத்தார். பஸ் வந்தது. அவன் இறங்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்த பஸ்ஸும் காலியாக நின்று புறப்பட்டதும் வீட்டுக்கு ஓடினார்.

அவருடைய நாற்காலியில் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். கையில் டீ.

"வாங்க மாமா. பல்லு எப்படி இருக்கு? அக்கா போன் பண்ணி என்னை முந்தின ஸ்டாப்புலயே இறங்கச் சொல்லிட்டா."

பூட்டுக்காரர் துண்டைப் பிடுங்கி எறிந்தார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது? வாயத்தான் கட்டியிருந்தேனே!"

"கல்யாணமானதிலேருந்து மூடாத வாய மூடிக் கட்டினா, உள்ள என்ன இருக்கும்னு தெரியாதா?" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை எந்த டாக்டருங்க பல்லு பிடுங்குறான்?"

"அதெல்லாம் இருக்கட்டும். இவன் முதல்ல மன்னிப்புக் கேக்கணும். இப்பவே!"

மைத்துனன் டீயைக் கீழே வைத்தான். முகம் வாடிவிட்டது.

"நிஜமா அதுக்குத்தான் மாமா வந்தேன். பொம்மப் புக்குன்னு சொன்னது தப்புத்தான்னு எனக்கே உறுத்திச்சு. எப்படிக் கேக்கிறதுன்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்."

பூட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "சரி, கேளு."

"அக்கா வேணாம்னுட்டா. நீங்க எப்பவோ மனசுக்குள்ள மன்னிச்சிட்டீங்களாம். அவளே பாத்தாளாம்."

"நானா? எப்ப?"

"உங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள் மனைவி. "எனக்குத் தெரியும்."

இல்லவே இல்லை என்று கத்த வாயைத் திறந்தவருக்குத் திக்கென்றது. அசந்த நேரத்தில், அவருக்கே தெரியாமல், மன்னித்துத் தொலைத்துவிட்டாரோ? உள்ளே எல்லா மூலையிலும் பதறிப் பதறித் தேடினார். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த கோபம், தேடும்போது பார்த்துக் கைக்கு அகப்படவில்லை.

மனைவி அவரைக் கூர்ந்து பார்த்துவிட்டுத் தம்பியின் கையில் டீயை எடுத்துக் கொடுத்தாள்.

"நீ குடிடா. அதோ பாரு, இப்பக்கூட மன்னிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு."