பிரேக் பாட்டு வாத்தியார் ஆன கதை

எழவு வீட்டில் ஒப்பாரியை நிறுத்தி, சுதியைச் சரிசெய்து, மறுபடி அழச் சொன்ன ஆள் சேலம் ஜில்லாவிலேயே ஒருவன்தான். ஒப்பாரி வைத்த அம்மாளும் மூக்கைச் சிந்திவிட்டு, சொன்னபடியே அழுதார்.

அவன் பெயர் பிரேக். யார் பாடினாலும் நடுவில் நிறுத்துவதால் ஹாஸ்டல் பையன்கள் வைத்த பெயர். செவ்வாய்ப்பேட்டையில், பாட்டு வாத்தியாருக்குப் படிப்பவர்கள் தங்கும் ஹாஸ்டல் அது. நான் சமையல்காரன். மற்றவர்கள் சம்பளம் வரும், பெண் கிடைக்கும் என்று படித்தார்கள். இவன் ஏன் வந்தான் என்று தெரியவில்லை.

ஆடித் திருவிழாவில் ஊர்வலத்துக்குக் குறுக்கே போய்க் கையைக் காட்டினான். பஜனை நின்றது. பின்னால் பல்லக்கு நின்றது. அதற்கும் பின்னால் டவுன் பஸ் நின்றது.

"ஏனுங்க, ரெண்டாவது அடில சுதி எறங்குதுங்க."

"சாமியே சும்மா இருக்குது. உனக்கென்னடா?" என்றார் பஜனைக்காரர்.

"சாமி பாவமுங்க. வாயத் தொறக்க முடியாது."

நிறுத்தியதும் அவனே பாடிக் காட்டுவான். அதைக் கேட்டால் எனக்கு ரசம் பொங்குவதுகூடத் தெரியாது. ஆனால் தானாகப் பாடச் சொன்னால் உதடு ஒட்டிக்கொள்ளும். யாராவது தப்பாகப் பாடினால்தான் அவனுக்குப் பாட்டு வரும்.

கடைசிப் பரீட்சை. பாடினால்தான் பாஸ். தேறாவிட்டால் குமாரபாளையத்துக்குத் தறி ஓட்ட வந்துவிடு என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். தறிச் சத்தத்தில் யார் பாடினாலும் காதில் விழாது. அவனுக்கு அதுதான் பயம்.

பரீட்சை அறைக்கு நான் டீ கொண்டுபோனேன். பிரேக் நின்றுகொண்டிருந்தான். வேர்வை மட்டும் வந்தது. பரீட்சை வைத்த அம்மா பேனாவை மூடப்போனார். கேட்டிருந்த பாட்டு, பையன்கள் விடிகாலையில் பழகுவது. எனக்கும் பாதி தெரியும். டம்ளரை வைத்துவிட்டுப் பாடினேன்.

"நீங்க டீ மட்டும் குடுத்தாப் போதும்ங்க" என்றார் அந்த அம்மா.

"நிறுத்துங்கண்ணா!" என்று கத்தினான் பிரேக். பிறகு பாடினான். முழுசாக. டீ ஆறிப்போனது.

"மேடைக்கே போலாமே தம்பி. வாத்தியார் வேலை எதுக்கு?"

"மேடை முன்னால எல்லாரும் சும்மா ஒக்காந்திருப்பாங்கம்மா. எனக்குப் பாட்டு வராதுங்க. பள்ளிக்கோடத்துலன்னா புள்ளைங்க தப்பாப் பாடுமில்லீங்க?"

பாஸ் போட்டார்.

போன மாதம் ஜேடர்பாளையத்தில் ஒரு விசேஷத்துக்குச் சமைக்கப் போனேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவன்தான் பாட்டு வாத்தியார். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஒரு வகுப்பே சேர்ந்து தப்பாகப் பாடிக்கொண்டிருந்தது. கடைசி வரை பாடவிட்டுக் கேட்டான். பிறகு அவன் பாடினான்.

அடுப்பு மூட்டவில்லை இன்னும். மணி அடிக்கும் வரை நின்றேன்.